வோட்கா உறையாது

"திருட்டு நாயே!"

நூர்குன் தன் மச்சான் எர்ச்சிமைச் சுவரில் மோதினான். எர்ச்சிமின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

குளிரட்டும் என்று நூர்குன் அன்று மதியம் முதல்முறையாக வாசலில் வைத்த மிளகாய் வோட்கா, புட்டிக்குள் பனிக்கட்டியாகிக் கிடந்தது.

"வெளிய மைனஸ் இருபதுதான்டா. உலகத்துலயே ரொம்பக் குளிரான யாகூத்ஸ்க்ல பொறந்தவன் நீ. இந்தக் குளிருக்கு வோட்காவா உறையும்? தண்ணிதான் உறையும். குடிச்சுட்டு தண்ணிய ஊத்தி வச்சிருக்க!"

"சத்தியமா நான் தொடல மாமா!"

வாசலில் கட்டையாக உறைந்திருந்த மீன் ஒன்றை எடுத்து நூர்குன் அவன் தோளில் அறைந்தான். மறுபடி ஓங்கியபோது மனைவி சர்தானா குறுக்கே வந்தாள். அவள் இடது கையில் மாவுக்கட்டு.

"என் தம்பிய விடுங்க. ஊத்தினது நான்."

"நீயா?"

"குடி போனா நல்ல மனுஷன் ஆயிடுவீங்கன்னு நினைச்சேன். மூணு மாசமா கொஞ்சம் கொஞ்சமா தண்ணிய கூட்டினேன். இந்த மாசம் பூரா வெறும் தண்ணி. மிளகாய்க் காரத்துல உங்களுக்குத் தெரியல."

மீன் அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"போன வாரம் என் கைய ஒடிச்சுட்டு, போதையில தெரியாம பண்ணிட்டேன்னு அழுதீங்களே" என்றாள் சர்தானா. "அன்னிக்கும் நீங்க குடிச்சது மிளகாய்த் தண்ணிதான்."