நடுவில் ஒரு ஆள்

“திங்கட்கிழமையிலேர்ந்து உஷாராணி நம்ம டீம்ல இல்ல,” என்றார் மேனேஜர் சுந்தரேசன்.

அந்த நேரு பிளேஸ் அலுவலகத்தில் புரோகிராம் எழுதும் வேணு நிமிர்ந்தான். “என்ன சார் திடீர்னு?”

“புது முறைக்கு மாறுறோம்ல? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு காட்டணும். மல்ஹோத்ராவோட ஆளே தினமும் நம்மகூட உட்காரப் போறாராம். அப்புறம் நடுவுல பிசினஸ் அனலிஸ்ட் எதுக்கு?”

மல்ஹோத்ரா லாரி கம்பெனி வைத்திருப்பவர். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவந்து, வேணுவுக்குப் புரியும்படி சொல்வதுதான் உஷாராணியின் வேலை.

“லாரி எங்க நிக்குதுன்னு மேப்ல காட்டச் சொன்னார் மல்ஹோத்ரா. அக்கா மட்டும் ஏன்னு கேக்கலேன்னா, நான் இன்னும் அதையே எழுதிட்டிருப்பேன் சார். டிரைவருங்க வீட்லேர்ந்து எப்ப வருவார்னு போன் பண்றாங்க, பதில் சொல்ல முடியல. அவ்வளவுதான் அவர் கஷ்டம். ஒரு சின்ன ஸ்கிரீன்ல முடிஞ்சுது!”

“நல்ல பொண்ணுதான், யார் இல்லேன்னா? மேலிடத்து முடிவுப்பா.”

வேணு நேராக உஷாராணியிடம் போனான். அவள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

“சண்டை போடுங்கக்கா! என்கிட்ட போடற சண்டைல பாதி போட்டாக்கூடப் போதும்.”

“உன்கிட்ட போட்டே தெம்பெல்லாம் போச்சுடா.” அவள் சிரித்தாள். “வர்ற ஆள்கிட்ட எரிஞ்சு விழாதே. புரியலேன்னா கேளு. அச்சா?”

“அந்த ஆளோட நான் பேசவே மாட்டேன்.”

“பாவம்டா அந்த ஆளு.”

திங்கட்கிழமை காலை சுந்தரேசன் டை கட்டிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டும் வேணு திரும்பவில்லை. திரையையே முறைத்துக்கொண்டிருந்தான்.

“வேணு... கஸ்டமரோட ஆள் வந்தாச்சு. எழுந்திருப்பா.” சுந்தரேசனின் குரல் ஏனோ தடுமாறியது.

வேண்டா வெறுப்பாகத் திரும்பினான் வேணு.

மல்ஹோத்ரா கம்பெனியின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள் உஷாராணி.