சின்னவன் பேசினான்

"சின்னவன் எப்ப வந்து சேருவான்?" வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெரியப்பா கேட்டார்.

"லீவு கிடைக்கலையாம். இப்பதான் பேசினான்," என்றாள் அம்மா. குரல் பிசகவில்லை.

"பெத்த அப்பன் முகத்தைப் பார்க்க விடாத வேலை என்ன பெரிய வேலை," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மாவின் பக்கத்தில் இருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நகக்கண்ணில் ஈரமண் அப்படியே இருந்தது. அதைக் கழுவ அம்மா யாரையும் விடவில்லை.

வந்தவர்கள் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கல்லும் முள்ளுமாக் கிடந்த இடம். ஒத்த ஆளா நின்னு வயலாக்கினாரு."

"பொண்டாட்டி காய்ச்சல்ல கிடந்தா சமைச்சு வச்சுட்டுத்தான் உழவுக்கே வருவாரு. நாங்க கேலி பண்ணுவோம். 'வயலும் என்னுது, வீடும் என்னுது, இதுல என்னடா வெக்கம்'பாரு."

வயலில் மேற்குப் பாதி சின்னவனுக்கு என்று அப்பா எப்போதோ பிரித்துவிட்டார். முதல் தண்ணீரும் முதல் எருவும் அதற்குத்தான். "அவன் வரும்போது மண்ணு சோர்ந்து கிடக்கக் கூடாது," என்று அம்மாவின் காதில் விழும்படி அடிக்கடி சொல்லுவார்.

அம்மா மகளைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். அங்கேதான் உடைந்தாள்.

"இன்னைக்குப் பொழுது போகட்டும்டி. நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிடலாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து அழ இப்ப எனக்குத் தெம்பு இல்லை."

சின்னவன் செத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கடல் தாண்டிப் போன இடத்தில், கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தான். அடக்கமும் அங்கேயே ஆனது. செய்தி மகளின் போனுக்குத்தான் வந்தது. அப்பாவுக்கு அப்போதுதான் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அம்மாவும் மகளும் சேர்ந்து அவரிடம் மறைத்தார்கள்.

அதிலிருந்து வாரா வாரம் மகள் தன் வீட்டிலிருந்து போன் செய்வாள். மகன்தான் கூப்பிடுகிறான் என்று அப்பாவுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே அம்மா ஓடிப்போய் எடுப்பாள். "சாப்பிட்டியாப்பா? குளிருக்குப் போர்வை இருக்கா?" மறுமுனையில் மகள் 'ம்' கொட்டுவாள்.

போனை நீட்டினால் அப்பா வாங்க மாட்டார். "நீயே பேசு. எனக்கு இதுல காது கேக்கல," என்று எழுந்து வெளியே போய்விடுவார். எங்கோ கிணற்றடியில் மோட்டார் சத்தம் லேசாக மாறினாலும் படுக்கையிலேயே கண்டுபிடித்துவிடுகிற மனுஷர். நல்லவேளை தப்பித்தோம் என்று மகள் நினைத்துக்கொள்வாள். அவர் போன பிறகும் அம்மா பேச்சை நிறுத்த மாட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் ஆறுதல்," என்றாள் அம்மா இப்போது. "மகன் நல்லா இருக்கான்ங்கற நெனப்போடயே போயிட்டாரு."

மகள் முகம் கழுவப் பின்பக்கம் போனாள். தொட்டியடியில் ட்ராக்டர்காரர் நின்றிருந்தார். அப்பாவோடு காலமெல்லாம் உழுதவர். அவளுக்கு மாமா முறை.

"உள்ள வாங்க மாமா."

"எப்படிம்மா வர்றது? சின்னவன் பேசினான்னு உங்கம்மா சொல்றதைக் கேட்டுக்கிட்டு என்னால நிக்க முடியல."

அவள் சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்கப்பா உடம்பு தேறி வயலுக்கு வர ஆரம்பிச்ச புதுசுலயே, அவன்கூட வேலை பார்த்த ஆளு அவன் துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டு வந்தாரு. வயல்லயே உங்கப்பாவைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிட்டாரு. அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு உங்கப்பா வரப்புலயே உட்கார்ந்திருந்தாரு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"உங்கம்மாகிட்டச் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தாரு. உள்ளே அவங்க போன்ல மகன்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தாங்களாம். வாசலோட திரும்பி என் வீட்டுக்கு வந்துட்டாரு. அழுது தீர்த்துட்டு, முகத்தைக் கழுவிக்கிட்டுத்தான் போனாரு."

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறமாவது சொல்லியிருக்கலாமே மாமா. மூணு பேரும் சேர்ந்தாவது அழுதிருப்போமே."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அன்னைக்கோட அந்தப் போன் நின்னுடும். அப்புறம் அவ யாருகிட்டடா பேசுவா'ன்னாரும்மா."