அட்டைக்காரி

"இந்தப் பொண்ணுக்கு என்னடா குறை?"

அக்கா கேட்பது இது பதினேழாவது முறை. தபால்காரத் தம்பி பர்ஸிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, பெண்ணின் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"இவ மாதிரி இல்லக்கா."

அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் விளம்பரத்துக்காக வைத்த நடிகையின் ஓவியம் அது; மூலையில் வரைந்தவரின் சுழித்த கையெழுத்து. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பழைய பேப்பர் கடையில் அதைக் கண்டெடுத்த நாளிலிருந்து ஆள் கிறங்கிக் கிடந்தான்.

மறுநாள் பதிவுத் தபால் ஒன்றை வாங்கிக்கொண்டு கிழவர் ஒருவர் கையெழுத்துப் போட்டார். அட்டையில் இருந்த அதே சுழித்த கையெழுத்து! தம்பி படபடப்போடு அட்டையை நீட்டினான்.

"ஐயா, இதை வரஞ்சது நீங்களா?"

"அட, நானேதான்!"

"அந்தக் கண்ணு, அந்தச் சிரிப்பு... நேர்லயும் அந்தம்மா அப்படித்தானா?"

"நான் எங்கப்பா பாத்தேன்? சிகரெட் கம்பெனிக்காரங்க போட்டோ தர்றோம்னு இழுத்தடிச்சாங்க. விடிஞ்சா அச்சுக்குப் போகணும். வேற வழி? மீசைய மழிச்சிட்டு, பொண்டாட்டி கம்மலை மாட்டிக்கிட்டு, நிலைக்கண்ணாடி முன்னால உக்காந்துட்டேன்."

தம்பி அட்டையைப் பார்த்தான். கிழவரைப் பார்த்தான். கிழவர் லேசாக வெட்கப்பட்டார்.

தெருமுனைக்கு வந்ததும் அக்காவுக்கு போன் போட்டான்.

"அக்கா, நீ யாரைச் சொன்னாலும் கட்டிக்கறேன்."

"அப்பாடா! உன் அட்டைக்காரி என்னடா ஆனா?"

தம்பி அட்டையை இன்னொரு முறை பார்த்தான்.

"அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சுக்கா."