கமர் ஜஹான் வீட்டு மாடு

“அக்கா, அந்தப் பொம்பளை வீட்டுல மாடே இல்ல!”

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஐரின் டீச்சர், குடையைக்கூட மடக்காமல் சொன்னாள்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா பியாட்ரிஸ் நிமிரவில்லை. “எந்தப் பொம்பளை?”

“கமர் ஜஹான். தினம் காலையில தூக்குச் சட்டியோட வந்து, மாட்டுக்குன்னு சொல்லி நம்ம வீட்டு வடிகஞ்சியை வாங்கிட்டுப் போறாளே, அவதான். ரெண்டு வருஷமா உன்னை ஏமாத்தறா.”

விஷயம் இதுதான். அன்றைக்குச் சாந்தோமில் ஐரின் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். பிள்ளைகளை ஒவ்வொருத்தராக எடை நிறுத்துப் பார்த்தார். பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளே நோஞ்சானாக நின்றார்கள். கமர் ஜஹான் மகள் குல்ஷன் மட்டும் கன்னம் மினுமினுக்க, கல்லுக்குண்டாட்டம் நின்றாள்.

“இந்தப் பெண்ணுக்கு வீட்டில் என்ன சாப்பாடு போடுகிறார்கள்? தாயாரைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மற்ற தாய்மாருக்கும் சொல்லலாம்” என்றார் டாக்டரம்மா.

கேட்கத்தான் ஐரின் போனாள். கமர் ஜஹான் கடைக்குப் போயிருந்தாள். கதவு திறந்து கிடந்தது.

“உள்ள மூணு பிள்ளைங்களும் வட்டமா உட்கார்ந்து குடிச்சுக்கிட்டு இருக்கு. என்னன்னு பார்த்தா நம்ம வீட்டுக் கஞ்சி! அதுல கேழ்வரகு மாவைக் கரைச்சு, முருங்கைக் கீரையை உருவிப் போட்டு, காஞ்ச நெத்திலியை இடிச்சுத் தூவி... தொழுவம் இல்ல, சாணி இல்ல, ஒரு வைக்கோல் துரும்புகூட இல்ல அக்கா.”

“மேய்ச்சலுக்குப் போயிருக்கும்” என்றாள் பியாட்ரிஸ்.

“ஐயோ, இல்லாத மாடு எங்க போய் மேயும்? பிள்ளைங்களுக்குன்னு உண்மையைச் சொல்லிக் கேட்டா நாம குடுக்க மாட்டோமா? எதுக்கு இந்தப் பொய்?”

ஊரெல்லாம் வேலை மந்தமான வருஷம் அது. கமர் ஜஹானின் புருஷன் இனாயத்துடைய தையல் மிஷின் வாரத்தில் மூன்று நாள் ஓடினால் பெரிது. அது ஐரினுக்கும் தெரியும். ஆனாலும் பொய் பொய்தானே?

“போன கிறிஸ்மஸுக்கு ஒரு படி அரிசி குடுத்தேன்” என்றாள் பியாட்ரிஸ். “கையேந்தற நெலமைக்கு நாங்க இன்னும் வரலம்மான்னு வச்சுட்டுப் போயிட்டா. நாலு நாள் இந்தப் பக்கமே வரல.”

“நாளைக்கு வரட்டும். நேருக்கு நேரா கேட்டுடறேன்.”

“வேணாம்டி. மாடு இல்லைன்னு நீ சொல்லிட்டா, அப்புறம் அவ வரவே மாட்டா.”

“வராட்டி என்ன?”

“மாடு பட்டினி கெடக்கும்ல?”

ஐரின் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, கமர் ஜஹான் தூக்குச் சட்டியோடு வந்தாள். இன்னொரு கையில் ஒரு கட்டு முருங்கைக் கீரை. கஞ்சிக்குப் பதில் எதையாவது வைக்காமல் அவள் ஒரு நாளும் போனதில்லை.

ஐரின் நோட்டும் பென்சிலுமாக வாசலிலேயே நின்றாள்.

“உங்க குல்ஷன்தான் பள்ளிக்கூடத்துலயே நல்ல ஆரோக்கியமாம். என்ன சாப்பாடு குடுக்கறீங்கன்னு டாக்டரம்மா எழுதிட்டு வரச் சொன்னாங்க.”

கமர் ஜஹானின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

“நம்ப குல்ஷனா? டாக்டரம்மாவே சொன்னாங்களா? பெரிய விசயம் ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. வாசல்ல முருங்கை கீது. கேவுரு மாவு கீது. பட்டினப்பாக்கத்துல பெரிய மீனையெல்லாம் பங்களாக்காரங்க எட்த்துக்கினு போயிட்டா, காலணாவுக்குக் கூடை நெறைய பொடி மீனு போடுவாங்க. காயவச்சு இடிச்சுக்குவேன். மிட்டாய்க் கடைப் பக்கமே இட்டுக்கினு போவமாட்டேன். மூணு கொயந்தைங்களும் ரெண்டு வருசமா வைத்தியன் வீட்டு வாசப்படி மிதிச்சதில்ல.”

“சரி” என்றாள் ஐரின். “இதையெல்லாம் எதுல போட்டுக் காய்ச்சறீங்க?”

சட்டியின் காதைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. நேரே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் தரையைப் பார்த்தாள். ஒரு கால் படியைவிட்டு இறங்கிவிட்டது.

“இது என்ன கேள்வி ஐரின்?” உள்ளேயிருந்து கஞ்சிப் பானையோடு வந்தாள் பியாட்ரிஸ். “வீட்டுல மாட்டை வச்சுக்கிட்டு வேற எதுல காய்ச்சுவாங்க? பால்லதான். எழுதிக்கோ.”

ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஒன்றுகூடத் தவறாத அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் புளுகினாள். ஐரினின் பென்சில் அந்தரத்தில் நின்றது.

பியாட்ரிஸ் சட்டி நிறையக் கஞ்சியை ஊற்றினாள். கமர் ஜஹான் கீரைக் கட்டை வாசற்படியில் வைத்தாள். இறங்கின காலை ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடியும் தலையை நிமிர்த்திப் பியாட்ரிஸைப் பார்த்தாள்.

“அம்மா, நேத்து கஞ்சியில சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டிருந்தீங்களே, மாட்டுக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சு. பூண்டு மட்டும் ஒரு பல்லு கொறைச்சுக்குங்க, சின்ன மாடு மூஞ்சியச் சுளிக்குது!”