வாசலில் நிற்க ஓர் ஆள்

“வெளிய நான் நிக்கிறேன் சித்தப்பா,” என்றாள் பூருல்.

“நீ உள்ள போய் உட்காரு. பொம்பளைங்க இடம் உள்ளதான்,” என்றார் ஜகிப்.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டாயிற்று. அதற்குள் பூருலின் அப்பா ஓர்மோன், வெள்ளைத் துணி மூடிப் படுத்திருந்தார்.

எங்கள் மலைநாட்டுப் பக்கத்தில் சாவு விழுந்தால், பெண்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். மகன்கள் இடுப்பில் கச்சை கட்டி, கம்பு ஊன்றி, வெளியே நிற்பார்கள். துக்கத்துக்கு வருகிற ஆண்கள் தெருவிலிருந்தே கதறிக்கொண்டு வருவார்கள். வாசலில் நிற்கிறவன் பதிலுக்குக் கதற வேண்டும். அப்போதுதான் செத்தவருக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஓர்மோனுக்கு மகன் இல்லை. பூருல் ஒருத்திதான்.

“அதான் உலானை வரவழைச்சிருக்கேன்ல,” என்றார் ஜகிப். “தூரத்துச் சொந்தம்னாலும் ஆம்பளை.”

உலான் நகரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். ஓர்மோனைக் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறான். அவனுக்காக ஜகிப் தன் தோட்டத்து மரத்திலிருந்து ஒரு கம்பு வெட்டிக்கொண்டு வந்திருந்தார். அவன் அதைக் குடை மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டினது யாரு? பனியில குதிரையைத் தேடிப் போனது யாரு?” பூருலின் குரலில் கோபம் இல்லை. கோபப்படக்கூடத் தெம்பு வேண்டும். “அப்பல்லாம் ஆம்பளை வேலைன்னு யாரும் சொல்லலையே.”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற?”

“அதை யாரும் பார்க்கலை,” என்றார் ஜகிப்.

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“நம்ம குடும்ப மானம்மா. கச்சை கட்டினா உனக்கு மீசை முளைச்சிடுமா?”

“அந்தப் பையனுக்கு மட்டும் முளைச்சிருக்கா?” என்றாள் அடுப்படியிலிருந்து பக்கத்து வீட்டு சாய்ரா.

“நீ மாவைப் பிசை. எனக்கு ரெண்டு சிங்கம் இருக்கு, மாஸ்கோவுல. என் வாசல்ல யார் நிக்கிறதுங்கிற பேச்சே வராது. பாவம், அண்ணனுக்குக் கொடுப்பினை இல்லை.”

நியாயம் கேட்க ஜகிப் மௌலவியிடம் போனார். மௌலவி தேநீரை ஊதிக் குடித்தார்.

“சத்தம் போட்டு அழுறதே தப்புன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டை போச்சு. இதுல ஆம்பளை அழுகை எது, பொம்பளை அழுகை எதுன்னு எங்கிட்ட கேக்காதீங்க.”

பூருல் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

மதியம், மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஓர்மோனின் தாய்மாமன் வழி ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஐயோ, என் தம்பியே... என் தோழனே...”

முன்னால் வந்தவர் ஒரு கிழவர். இருபுறமும் ஆள் தாங்கிப் பிடிக்க, கதறிக்கொண்டே வாசல்வரை வந்தார்.

உலான் வாயைத் திறந்தான். இருமினான். அவ்வளவுதான்.

“அழுடா,” என்று பல்லைக் கடித்தார் ஜகிப்.

“வரமாட்டேங்குது மாமா.”

கிழவர் நின்றுவிட்டார். பதில் இல்லாத வாசலுக்குள் எப்படி நுழைவது? கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கூடாரத்தின் படுதா விலகியது. பூருல் வெளியே வந்தாள். தலையில் கறுப்புத் துணி, இடுப்பில் அப்பாவின் பழைய தோல் கச்சை. உலானின் கையிலிருந்து கம்பை வாங்கி ஊன்றினாள்.

“என் அப்பாவே... என் மலையே... சாஞ்சிட்டியே...”

பெண்களின் ஒப்பாரி ராகம் இல்லை அது. அடிவயிற்றிலிருந்து வந்தது. கட்டிப்போட்டிருந்த நாய்கூட எழுந்து நின்றது.

“பூருல், உள்ள போ,” என்றார் ஜகிப்.

அவள் நிறுத்தவில்லை.

கிழவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். வாசலில் நிற்கிறவனைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் முறை. அவர் திரும்பிப் போய்விட்டால் ஊர் மொத்தமும் போய்விடும்.

மெல்ல நடந்து வந்தார். அவள் தோளில் நெற்றியை வைத்து அழ ஆரம்பித்தார்.

ஜகிப் சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பூருல்தான் பதில் சொன்னாள். இருட்டுவதற்குள் தொண்டை கட்டிப்போயிற்று. மறுநாள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கிளம்பியபோது, அவள் வாசலோடு நின்றுகொண்டாள். மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை. அதை மட்டும் அவள் கேட்கவில்லை.

எல்லாரும் அடக்கம் முடித்துத் திரும்பி, சாப்பிட்டு, கலைந்த பிறகு ஜகிப் தயங்கித் தயங்கி வந்தார். பூருல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த கம்பை எடுத்து நீட்டினாள்.

“உங்க கம்பு, சித்தப்பா.”

அவர் வாங்கவில்லை.

“நேத்து இங்கேருந்து போனதும் பெரியவனுக்கு போன் போட்டேன். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா வருவியாடான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“வீடியோவுல காட்டச் சொல்லுங்கப்பா, அங்கேருந்தே பார்த்துக்கறேன்னான். சின்னவன் எடுக்கவே இல்லை.”

ஜகிப் கம்பை அவள் பக்கமே மெதுவாகத் தள்ளினார்.

“உங்கிட்டயே இருக்கட்டும்மா. என் வாசலுக்கு வரும்போது எடுத்துட்டு வா.”