தொண்ணூற்றொன்பது

"பந்தயம் தொடங்கப் பச்சைக் கொடி அசையும்போது எவன் வண்டிக்குள்ள இருக்கானோ, ஜெயிப்பு அவன் பேர்லதான் ஏறும். தெரிஞ்சுதான் பேசுறியா?" என்றார் ரூஃபஸ்.

"முப்பது வருஷமா ஓட்டுறவனுக்கே சட்டம் சொல்றியா?"

டெல்மர் பெஞ்சில் உட்கார்ந்து இடது கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் லாரிப் படியிலிருந்து சறுக்கி விழுந்ததாகச் சொன்னார்.

"டாக்டர் ஊசி போட்டிருக்கார். வலி மரத்துப்போக ஒரு மணி நேரம் ஆகுமாம். அதுவரைக்கும் நீ சுத்திட்டு இரு. மஞ்சள் கொடி காட்டினதும் உள்ள வா, நான் ஏறிக்கிறேன்."

"இது உன் கடைசிப் பந்தயம்டா. ஜெயிச்சா நூறாவது ஜெயிப்பு."

"வண்டியே கிளம்பலேன்னா நூறு எங்கேருந்து வரும்? ஏறுடா."

வண்டியும் டெல்மருடையது, குழுவும் அவருடையது. முதலாளி சொன்னால் மெக்கானிக் கேட்கத்தான் வேண்டும். இளவயதில் இருவரும் சேர்ந்து ஓர் ஓட்டைக் காரைப் பந்தய வண்டியாக்கி, யார் ஓட்டுவது என்று காசு சுண்டிப் பார்த்தார்கள். தோற்ற ரூஃபஸ் அன்று வண்டிக்கு அடியில் போனவர்தான். சோதனை ஓட்டத்தோடு சரி, பந்தயத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

ரூஃபஸ் ஏறி, யாருக்கும் வழி மறிக்காமல் ஓரமாகவே ஓட்டினார். நாற்பதாவது சுற்றில் யாரோ சுவரில் மோத, எல்லா வண்டிகளையும் மெதுவாக்கும் மஞ்சள் கொடி வந்தது. டெல்மர் கட்டை அவிழ்த்து எறிந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏறினார். ஆள் மாறி வண்டி கிளம்பியபோது அதற்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

அதன்பின் நடந்ததை ரூஃபஸ் வாய் பிளந்து பார்த்தார். மற்றவர்கள் பிரேக்கை மிதிக்கும் வளைவில் இந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர் மிதிக்கவில்லை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையாது. முப்பது வண்டிகளை ஒவ்வொன்றாகத் தாண்டினார். தன் கையால் கட்டிய இரும்புக்குள் இப்படியோர் ஓட்டம் இருந்தது ரூஃபஸுக்கே தெரியாது. கண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கவும் இல்லை.

கடைசிச் சுற்றில் டெல்மர் முதலில் வந்தார்.

"வெற்றி பெற்றவர், ரூஃபஸ் டில்லர்ட்," என்றது ஒலிபெருக்கி. கரோலினாப் பந்தயத் திடலின் கூட்டம் ஒரு நொடி விழித்தது. பிறகு மொத்தமும் எழுந்து நின்று கை தட்டியது.

டெல்மர் பூட்ஸைக் கழற்றி, காலுக்கு மறுபடி கட்டுப் போட்டுக்கொண்டு, கோப்பையோடு வந்தார். ரூஃபஸ் கையை நீட்டவில்லை.

"உன் நூறை நான் பிடுங்கிட்டேன்டா. பாழாப்போன லாரிப் படி."

"தொண்ணூத்தொம்பது என்ன கசக்குதா? வாங்குடா, கை வலிக்குது."

கோப்பையை நண்பரின் நெஞ்சில் திணித்துவிட்டு டெல்மர் நொண்டி நொண்டி நடந்தார்.

ரூஃபஸ் அந்தக் கால்களையே பார்த்தார். காலையில் இடது காலில் இருந்த கட்டு, இப்போது வலது காலில் இருந்தது.