விளக்கில் விழுந்த கீறல்

‘ணங்’ என்று சத்தம் கேட்டதும் வெர்னாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

படத்தோடு கடைசியாக ஒப்பிட்டுப் பார்க்கச் சற்றே திருப்பிய கண்ணாடி விளக்கு, தூரிகை கழுவும் ஜாடியில் இடித்துவிட்டது. அடிப்பாகத்தில் விரல் நீளத்துக்குக் கீறல்.

பக்கத்து மேஜை ஆரின் எட்டிப் பார்த்தான். “ஐயையோ, லாத்ரப் அம்மா வீட்டு விளக்கா? கோப்பையை உடைச்சதுக்கே வேலைக்காரியைத் துரத்தின மகராசியாச்சே!”

“பயமுறுத்தாதே ஆரின். என் வீட்டுக்காரருக்கும் வேலை இல்ல. இதுவும் போச்சுன்னா, பிள்ளைங்களோட இலவச சூப்பு வரிசையிலதான் போய் நிக்கணும்.”

1930களின் அமெரிக்காவில், வேலையில்லாத ஓவியர்களுக்கு அரசாங்கம் கொடுத்த பிழைப்பு அது. பாஸ்டன் பக்கத்து வீடுகளில் திமிங்கில எண்ணெய் ஊற்றி எரித்த பழைய விளக்குகளை இரவல் வாங்கி, அச்சு அசலாக வரைய வேண்டும். நெளிசல், துரு, விரிசல் எதையும் விடக்கூடாது. இல்லாததைச் சேர்த்தால் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

வெர்னாவின் படம் நேற்றே முடிந்து காய்ந்திருந்தது. அதில் கீறல் இல்லை.

படியில் காலடிச் சத்தம். மேற்பார்வையாளர் தாக்ஸ்டரின் குரல். கூடவே, விளக்கைத் திரும்ப வாங்க வந்த லாத்ரப் அம்மாளின் குரல்.

“படத்துலயும் கீறலைப் போட்டுடு. முன்னாடியே இருந்துச்சுன்னு ஆயிடும்,” கிசுகிசுத்தான் ஆரின்.

தூரிகையைத் தோய்த்து, சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டை இழுத்தாள் வெர்னா.

உள்ளே வந்த தாக்ஸ்டர் விளக்கைத் தூக்கினார். முகம் மாறியது. “கீறல் விழுந்திருக்கே! எப்படி வெர்னா?”

“அது... வரும்போதே... படத்துலகூட இருக்கு சார்...”

லாத்ரப் அம்மாள் படத்தைக் கையில் எடுத்தாள். வெள்ளைக் கையுறை விரலால் கீறலைத் தொட்டாள். விளக்கைப் பார்த்தாள். வெர்னாவைப் பார்த்தாள்.

“பழைய கீறல்தான் தாக்ஸ்டர். என் மாமியார் கைங்கரியம்.”

தாக்ஸ்டர் பூரித்துப் போனார். “பார்த்தியா ஆரின்! இருக்கிறதை இருக்கிறபடி வரையுறதுன்னா இதுதான். நேர்மையை வெர்னாகிட்ட கத்துக்கோ!”

விளக்கைப் பத்திரமாக ஏந்தியபடி, காரில் வைக்கக் கீழே இறங்கினார்.

லாத்ரப் அம்மாள் மூடியிருந்த கையை வெர்னா முன் விரித்தாள். கையுறையின் விரல் நுனியில் ஈரம் காயாத சாம்பல் நிறம்.

“உன் கீறல் பாதி என் கையோட வந்துடுச்சும்மா. அவர் திரும்பி வர்றதுக்குள்ள மறுபடி போட்டுடு!”